முதலில் கூலி, கடைசியில் வாரிசு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய உயில் நகலை நிதானமாகப் படித்தேன். உன் பெரியப்பா குழப்பமில்லாமல் எழுதியிருக்கிறார். பிள்ளையார்பாளையத்து வீட்டில் பெரியம்மா ஆயுள் முழுக்க இருக்கலாம், அவருக்குப் பிறகு அது பெரியவனுக்கு. தறியும் தொழிலும் சின்னவனுக்கு. ஆரணியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு பேங்க் டெபாசிட். வரதராஜப் பெருமாள் கோயிலில் ஆண்டுக்கொரு நாள் கட்டளைக்குத் தனியாக ஒரு தொகை. இத்தனையையும் நிறைவேற்றிக் கொடுக்க வேண்டிய எக்ஸிகியூட்டர் நீ. இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கத் தம்பி மகளை எதற்குப் போட்டார் என்று தெருவில் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். உயிலில் உனக்கென்று ஒரு நூலிழைகூட இல்லை. அதனால்தான் போட்டிருக்கிறார்.

“எப்போது பிரித்துக் கொடுக்கணும் மாமா?” என்று கேட்டிருக்கிறாய். அது இந்த வேலையின் கடைசிக் கட்டம். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகவே காலத்தைக் கழித்தவன் நான். அந்தக் கட்டத்தை முதலில் செய்யப் போனவர்கள்தான் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம். உயிலில் பேர் போட்டுவிட்டார் என்பதற்காக யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. எழுதிக் கையெழுத்துப் போட்டு விலகிக்கொள்ளலாம். ஆனால் பெரியப்பாவுக்கு வர வேண்டிய ஒரு பாக்கியை நீ வசூலித்துவிட்டாலோ, ஸ்டாக்கில் நாலு சேலையை விற்றுவிட்டாலோ, பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகத்தான் பார்ப்பார்கள். அப்புறம் நினைத்தபோது கழன்றுகொள்ள முடியாது. பீரோவைப் பூட்டுவதும், பொருள் கெடாமல் பார்ப்பதும், ஈமக் காரியத்துக்குச் செலவழிப்பதும் இதில் சேராது. அதனால் ஒரு வாரம் யோசி. அதுவரை பூட்டிய பீரோ பூட்டியபடியே இருக்கட்டும்.

ஏற்றுக்கொண்டால் உன் நிலைமை என்ன? 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவருடைய சொத்து எக்ஸிகியூட்டர் கைக்கு வந்து சேருகிறது. அனுபவிக்க வரவில்லை, கணக்குத் தீர்க்க வருகிறது. உயிலில் பேர் இருக்கிறவர்கள் அதைக் காட்டித் தாங்களாகவே எடுத்துக்கொள்ள முடியாது; நீ சம்மதித்துக் கொடுத்தால்தான் அவர்கள் உரிமை முழுமையாகும். சின்னவன் நாளைக்கே தறிகளெல்லாம் என்னுடையவை என்று நிற்பான். உன்னுடையவைதான், ஆனால் இன்னும் உன்னிடம் வரவில்லை என்று சொல்.

பெரியப்பா பணத்துக்குத் தனியாக ஒரு பேங்க் கணக்கு தொடங்கு. உன் சம்பளக் கணக்கில் ஒரு நாளைக்குக்கூட அது தங்கக் கூடாது. அவருடைய ஏடிஎம் கார்டு பெரியவனிடம் இருந்தால் வாங்கி பேங்கில் ஒப்படைத்துவிடு. இறந்தவர் கார்டில் பணம் எடுப்பது ஊரெல்லாம் நடக்கிறது. பின்னால் தங்கை கேள்வி கேட்கும்போது அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடிவதில்லை.

இப்போது வரிசை. இதைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. முதலில் ஈமச் செலவும் கடைசி நேர ஆஸ்பத்திரிச் செலவும், நியாயமான அளவில். பதினாறாம் நாளுக்கு மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டி இலை போட்ட பில்லைப் பெரியவன் நீட்டினால், அவர் இருந்த இருப்புக்குத் தகுந்ததை மட்டும் எழுது. அடுத்தது கோர்ட்டுச் செலவு. மூன்றாவதாக 322ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது: இறப்பதற்கு முந்தின மூன்று மாதத்தில் அவருக்காக வேலை செய்த தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோரின் கூலி. மற்ற கடன்களெல்லாம் அதற்குப் பின்னால்தான். கடனெல்லாம் தீர்ந்து மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு. சட்டம் எழுதிய வெள்ளைக்காரன் பிள்ளையார்பாளையத்தைப் பார்த்தானோ இல்லையோ, நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வரிசையை நான் பார்த்ததில்லை.

தன் வீட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்கிறவன் தொழிலாளியா, காண்ட்ராக்டரா என்று கெட்டிக்கார வக்கீல் ஒருவர் கிளப்பலாம். நீ அந்த வாதத்துக்கே போகாதே. கோர்வைச் சேலைக்குத் தறியில் ஒருவர் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கத்துக் கரைக்கும் ஒவ்வொரு நாடா என்று மூன்று நாடா ஓடும். பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது நெசவாளியின் மனைவிதான். நோட்டில் ஒரு பேர்தான் இருக்கும், கூலி இரண்டு பேருடையது. அந்தக் கூலியை நிறுத்திவிட்டு வாரிசுப் பஞ்சாயத்து பேசுவது எனக்குச் சகிக்காது. சட்டமும் உன் பக்கம் இருக்கிறது, முதலில் அதைக் கொடுத்துவிடு.

பெரியப்பா சொத்தில் பாதி அவர் வீட்டிலேயே இல்லை என்பதையும் புரிந்துகொள். ஓரிக்கையிலும் அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் ஆளுக்கொரு வீட்டுக் குழித்தறியில் பாவாகவும் பாதிச் சேலையாகவும் அது நிற்கிறது. பட்டும் ஜரிகையும் பெரியப்பாவுடையவை, உழைப்பு அவர்களுடையது. ஒவ்வொரு வீட்டுக்கும் நீயே போக வேண்டும். சின்னவனைக் கூட்டிக்கொண்டு போ, ஆரணிப் பெண்ணுக்கும் முன்கூட்டியே தகவல் சொல். போகும்போது பெரியப்பாவின் தறி நோட்டு கையில் இருக்கட்டும். பாவு கொடுத்த தேதி, பட்டின் எடை, ஊடைக்குக் கொடுத்தது, ஜரிகை எத்தனை மார்க், இதுவரை எடுத்த சேலை எத்தனை, கொடுத்த கூலி எவ்வளவு. இதே விவரம் நெசவாளியின் பாஸ் புத்தகத்திலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒத்துப்போனால் அதிலேயே தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் சண்டை வேண்டாம். இரண்டு கணக்கையும் அப்படியே எழுதிக்கொண்டு வா. தறிச் சட்டம் யாருடையது, மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி யாருடையது, டிசைன் அட்டை யாருடையது என்பதையும் கேட்டு எழுது. சட்டம் நெசவாளியுடையதாகவும் ஜக்கார்டு முதலாளியுடையதாகவும் இருக்கும் வீடுகள் நிறைய. “தறியெல்லாம் சின்னவனுக்கு” என்று உயில் சொன்னால், பெரியப்பாவுடைய தறி மட்டும்தான் அதில் வரும்.

தறியில் இருக்கும் சேலையை அறுக்கச் சொல்லாதே. நெய்து முடிக்கட்டும்; அந்தக் கூலி எஸ்டேட் செலவு. புதிதாகப் பாவு போடுவது வேறு விஷயம். எக்ஸிகியூட்டர் தொழிலைக் கையிலிருக்கிற வேலை முடிகிற வரைக்கும் நடத்தலாம். பெரியப்பா பணத்தைப் போட்டு வியாபாரத்தை வளர்க்கக் கூடாது. நஷ்டம் வந்தால் உன்னைக் கேட்பார்கள், லாபம் வந்தால் சின்னவன் கேட்பான். ஆனால் தறி சும்மா நின்றால் நெசவாளி வேறு முதலாளியிடம் போய்விடுவான், அப்புறம் சின்னவனுக்குக் கொடுக்கத் தொழில் என்று எதுவும் இருக்காது. அதனால் சின்னவன் தன் சொந்தப் பணத்தில் பாவு போட்டுக்கொள்கிறேன் என்றால் விடு; எல்லாரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு விடு.

விலை மதிப்பும் ஒரு தலைவலிதான். அசல் ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் இருக்கிறது, மார்க் விலை அவற்றோடு ஏறி இறங்கும். கடன் பெருத்து எல்லார் பங்கையும் குறைக்க வேண்டி வந்தால், ஸ்டாக் பழசு என்று சின்னவன் சொல்வான், தங்கம் என்ன விலை தெரியுமா என்று பெரியவன் சொல்வான். பெரியப்பா இறந்த தேதியின் விலையை வைத்து, குடும்பத்துக்கு வெளியே இருக்கும் இரண்டு பேரை மதிப்புப் போடச் சொல்லி எழுத்தில் வாங்கு. ஜரிகை அசலா கலப்பா என்று சந்தேகம் வந்தால் சோதித்துவிடு, கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பாதே. ஸ்டாக்கில் ஒரு சேலை உனக்குப் பிடித்திருந்தாலும் நீ வாங்காதே. நியாய விலைதான் கொடுத்தேன் என்றாலும், எக்ஸிகியூட்டர் வாங்கியதை மற்றவர்கள் ரத்து செய்யச் சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறது. உன் கல்யாணத்துக்குக் காந்தி ரோடில் வேறு கடையா இல்லை?

இனி முன்பணம். நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு நெசவாளி பேரிலும் ஒரு தொகை நிற்கும். மகள் கல்யாணத்துக்கு, வீடு கூரை மாற்ற, ஆஸ்பத்திரிக்கு என்று வாங்கியது. சிலருக்கு அப்பா காலத்திலிருந்து வருவது. சொத்துப் பட்டியலில் இதை “வர வேண்டிய கடன்” என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் “முன்பணம் பாக்கி இருக்கிறது, அதனால் இந்த ஆள் சின்னவனிடம்தான் நெய்ய வேண்டும்” என்று உன் வாயிலிருந்து ஒரு சொல் வரக் கூடாது. முன்பணத்தைக் காட்டி ஒருவனை வேறு இடத்துக்குப் போகவிடாமல் செய்வது 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கடனே செல்லாது. தறியைப் பங்கு போடலாம், நெசவாளியைப் பங்கு போட முடியாது. பழைய முன்பணத்தில் பாதிக்கு மேல் வராது என்பது என் கணிப்பு. வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி செய்துவிடு. உன் இஷ்டத்துக்குத் தனியாகத் தள்ளாதே, அது உன் பணம் இல்லை.

கடைக்காரர்களிடம் வர வேண்டியது வேறு கதை. சேலையைக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்கு, தைக்கு என்று பணம் வாங்குவது இந்தத் தொழிலின் வழக்கம். கடனாகக் கொடுத்த சரக்குக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் காலாவதி ஆகிவிடும். பழைய பாக்கிகளை முதலில் எடு; கடைக்காரரிடம் போய் நிலுவை இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், கெடு இன்னும் முடியாமலிருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். நூல்காரருக்கும் ஜரிகைக்காரருக்கும் பெரியப்பா கொடுக்க வேண்டியதையும் இப்படியே கேட்டு எழுது. பேங்க் கடனுக்கு ஸ்டாக்கோ வீடோ ஈடாக இருக்கிறதா என்று பார், ஈடு வாங்கியவருக்குத் தனி உரிமை உண்டு. முகம் தெரியாத கடன்காரர் யாராவது இருக்கலாம் என்பதற்காக வக்கீல் மூலம் நாளிதழில் ஓர் அறிவிப்பும் கொடுத்துவிடு. அறிவிப்பு கொடுத்து, கெடு முடிந்து, தெரிந்த கடனைத் தீர்த்துவிட்டுப் பிரித்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவர் உன்னைப் பிடிக்க முடியாது, பங்கு வாங்கியவர்களிடம் போய்க் கேட்கட்டும். அறிவிப்பு இல்லாமல் கொடுத்துவிட்டால் உன் கைப்பணம் போகும்.

வீட்டைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது. தாய்ப்பத்திரத்தைப் பார். பெரியப்பா சம்பாதித்து வாங்கியதென்றால் உயில்படி நடக்கலாம். உன் தாத்தாவிடமிருந்து வந்த பூர்வீகம் என்றால், பெரியப்பா தன் பங்கைத்தான் எழுத முடியும். தமிழ்நாட்டில் 1989லிருந்தும், நாடு முழுக்க 2005லிருந்தும் பெண்களுக்கும் பூர்வீகத்தில் சம உரிமை உண்டு. அது மட்டுமில்லை, தாத்தா வீடு என்றால் உன் அப்பாவுக்கும் அதில் பங்கு இருக்கலாம். அதாவது உன் அப்பாவின் லாபமும் நீ காப்பாற்ற வேண்டியவர்களின் லாபமும் எதிரெதிராக நிற்கும். மூடி மறைக்காதே. வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் எடுத்து எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பி, “இதில் என் அப்பாவுக்குப் பாத்தியம் இருக்கலாம், அதனால் வீட்டு விஷயத்தில் வேறு ஒரு வக்கீலின் கருத்தைக் கேட்டு நடப்போம்” என்று எழுது. உன் அப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும், அக்கா பார்த்துக்கொள்வாள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பெரியம்மாவுக்குச் சீராக வந்த நகையும் அவர் பேரில் வாங்கியதும் அவருடையவை, பட்டியலில் ஏற்றாதே. டெபாசிட்டில் நாமினி என்று பெரியவன் பேர் இருந்தால் பணம் அவனுக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லை. பேங்கிலிருந்து வாங்கி உரியவரிடம் சேர்ப்பதுதான் நாமினியின் வேலை. எல்ஐசி பாலிசி விஷயத்தில் அன்றைய சட்டப்படி 1983லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. பெரியப்பா பேரில் இருக்கும் ஜிஎஸ்டி பதிவையும், இறந்த நாள் வரைக்குமான வருமான வரிக் கணக்கையும் ஆடிட்டரிடம் விட்டுவிடு. அதற்குப் பிறகு வரும் வருமானம் எஸ்டேட் கணக்கில் தனியாக வரும்.

புரோபேட், அதாவது உயில் உண்மைதான் என்று கோர்ட்டு தரும் சான்று, வேண்டுமா என்று கேட்டாய். இந்துக்கள் விஷயத்தில் இந்தப் பக்கத்தில் அது கட்டாயமாக இருந்தது சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு நிலத்தைப் பற்றிய உயிலுக்கும்தான். காஞ்சிபுரத்தில் எழுதிய காஞ்சிபுரத்துச் சொத்துக்கு அன்றைக்கும் தேவைப்படவில்லை. அதைக் கட்டாயமாக்கிய 213ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. ஆனாலும் யாராவது உயிலையே சந்தேகித்தால் மாவட்ட நீதிமன்றத்தில் புரோபேட் வாங்கிவிடுவது உனக்குப் பாதுகாப்பு. வாங்கினால் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருஷத்தில் கணக்கும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று இப்போதே விசாரி. பதிவு செய்த உயில்தானே என்று இருந்துவிடாதே. தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும்.

நீ பி.காம். படித்தது இங்கே பச்சையப்பன் மகளிர் கல்லூரியில். அந்தப் பேருக்குப் பின்னாலும் ஒரு உயில்தான் இருக்கிறது. துபாஷாக இருந்து பெரும் பணம் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794 மார்ச்சில் உயில் எழுதினார். அதே மாதக் கடைசியில் காலமாகிவிட்டார். கோயில் தருமங்களுக்கு என்று எழுதி வைத்த பணம் உரிய இடம் போய்ச் சேராமல் தகராறாகி, சென்னையில் வெள்ளைக்காரர்கள் வைத்த சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முனைந்து, தருமங்களுக்குப் போக மிஞ்சிப் பெருகியிருந்த தொகையைக் கல்விக்குத் திருப்பினார்கள். முதல் பள்ளி திறந்தது 1842 ஜனவரி 1 அன்று. பின்னால் நம் ஊர்ப் பச்சையப்பன் பள்ளியில் அறிஞர் அண்ணா படித்தார் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வோம், நானும் சொல்வேன். ஆனால் நடுவில் போன 47 வருஷம்தான் எனக்கு உறுத்தும். விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் அவர் எழுதி வைத்தது அதில் பல வருஷம் தகராறிலும் வழக்கிலும் கிடந்தது. அதனால் பெருமாள் கோயில் கட்டளைத் தொகையை “கோயிலுக்குத்தானே, அப்புறம் பார்க்கலாம்” என்று கடைசிக்குத் தள்ளாதே. கடன்கள் தீர்ந்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் அன்றே அதையும் கொடு. அர்ச்சகர் கையில் கொடுத்துவிட்டு வராதே. கோயில் அலுவலகத்தில் செயல் அலுவலர் பேரில் எழுதிக் கொடுத்து, எந்த நாள், என்ன கைங்கரியம் என்று ரசீதோடு வாங்கு.

கடைசியாக நீ கேட்ட கேள்வி. இறந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரைக்கும் பங்கைக் கொடு என்று உன்னை நெருக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பெரியவன் தை பிறந்ததும் என்பான், சின்னவன் முகூர்த்த சீசனுக்கு முன்னால் என்பான். பெரியம்மா ஒன்றும் கேட்க மாட்டார். அவருக்கு மாதச் செலவுக்கு வேண்டியதை மறக்காமல் எஸ்டேட்டிலிருந்து கொடு, அதையும் கணக்கில் எழுதிவிடு. மாதம் ஒரு தடவை வரவு செலவை ஒரே தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்பு. ஒருவனிடம் போனில் சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்ல மறந்தால் போதும், நீ கட்சி சேர்ந்துவிட்டாய் என்று ஆகிவிடும். ஆரணிப் பெண் தூரத்தில் இருக்கிறாள், பெண் வேறு. இந்த மாதிரிக் காரியங்களில் எல்லாருக்கும் கடைசியில் தகவல் போவது அவளுக்குத்தான். நீ முதலில் அவளுக்கு அனுப்பு. உன் பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு எல்லாம் எஸ்டேட்டில் எழுதலாம், வெட்கப்படாதே. பில் மட்டும் வை.

இறப்புச் சான்றிதழ் பத்து நகல் வாங்கிவிடு. தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டாயா? பெரியப்பாவின் தறி நோட்டு, கடை நோட்டு, புரோநோட்டுகள் இருக்கும் தகரப் பெட்டி மூன்றும் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன என்று எனக்கு எழுது. சின்னவனிடம் இருந்தால் அவன் முன்னாலேயே பக்கத்துக்குப் பக்கம் போனில் படம் எடுத்துக்கொண்டு, நோட்டை அவனிடமே விடாமல் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்து வா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன், அத்தை இட்லி வைத்திருப்பாள்.

அன்புடன்,
மாமா